தனியாக வந்தால் பார்சல்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிற்றுக்கிழமை பேப்பர் வந்ததும், சின்னச் சாப்பாட்டுக் கடைகளைப் பற்றி நீங்கள் போடும் பக்கத்தைத்தான் முதலில் பிரிப்பேன். போன மாதம் எங்கள் திருச்சிக் கடைகள் மூன்று வந்திருந்தன. அதில் இரண்டில் நான் பலமுறை சாப்பிட்டிருக்கிறேன். தோசையைப் பற்றியும் சட்னியைப் பற்றியும் எழுதியிருந்தது அத்தனையும் சரி. ஆனால் இத்தனை வாரங்களில் ஒரு விஷயத்தை மட்டும் யாருமே தொடவில்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். கடிதம் நீண்டுவிட்டது. பாதியாவது போடுங்கள்.

ஒரு பெண் இரவு எட்டரை மணிக்குத் தனியாக ஒரு சாதாரண ஓட்டலுக்குள் காலெடுத்து வைத்தால், கல்லாவில் இருப்பவர் தலையை நிமிர்த்தி முதலில் கேட்பது, "பார்சலா மேடம்?"

"வாங்க" இல்லை. "எத்தன பேரு?" என்றுகூட இல்லை. எனக்குப் பின்னாலேயே தனியாக நுழையும் ஆணிடம் அந்தக் கேள்வி வராது. அவர் பாட்டுக்கு உள்ளே போய் உட்காருவார், தண்ணீர் வந்துவிடும். நான் மட்டும் வாசலில் நின்று, "இல்ல தம்பி, இங்கயே சாப்பிடறேன்" என்று அனுமதி கேட்பது போலச் சொல்ல வேண்டும்.

எனக்கு வயது 63. தபால் துறையில் 34 வருடம் வேலை பார்த்தேன். பெரும்பாலும் சேமிப்புக் கணக்குக் கவுண்டர். கணவர் காலமாகி மூன்று வருடம் ஆகிறது. மகன் புனேயில் இருக்கிறான். நான் உறையூரில் எங்கள் வீட்டிலேயே இருக்கிறேன். மதியத்துக்கு ஒரு ரசம், ஒரு காய் என்று சமைத்துவிடுவேன். இரவுதான் கஷ்டம். ஒரு ஆளுக்கு மாவு அரைத்துப் பாருங்கள், எவ்வளவு குறைத்து ஊறப்போட்டாலும் நாலு நாளைக்கு வந்துவிடுகிறது. மூன்றாம் நாள் தோசை புளித்துப்போய் வாயில் வைக்க முடியாது. எதிரில் ஆள் இல்லாமல் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுவதும் எனக்குப் பழக்கமில்லை. டாக்டர் தினமும் நடக்கச் சொல்லியிருந்தார். சரி, நடந்த மாதிரியும் ஆச்சு என்று கிளம்பினேன்.

அப்படிப் போனதில் இதுவரை நாற்பதுக்கு மேல் கடைகள் ஆகிவிட்டன. புத்தூர் நால்ரோடு, தென்னூர், தில்லை நகர் குறுக்குத் தெருக்கள், சத்திரம் பேருந்து நிலையத்தைச் சுற்றி, ஒன்றிரண்டு முறை பாலக்கரை வரைக்கும். வீட்டுக்காரர் வாங்கி வைத்து எழுதாமல் விட்டுப்போன டைரி ஒன்று இருந்தது. அதில் தேதி, கடை, சாப்பிட்டது, விலை, ஒரு வரி அபிப்பிராயம் என்று எழுதி வருகிறேன். வேலைப் பழக்கம், விடவில்லை. பாதிக்கு மேற்பட்ட பக்கங்களில் ஓரத்தில் ஒரு 'பா' போட்டிருக்கிறேன். பார்சலா என்று கேட்ட கடை என்று அர்த்தம்.

பெயர் பெற்ற கடைகள் என் கணக்கில் இல்லை. வெளியூர்ச் சொந்தக்காரர்கள் வந்தால் எல்லோருக்கும் திருவானைக்காவல் பார்த்தசாரதி விலாஸ் நெய் ரோஸ்ட் வேண்டும். கூட்டிப்போவேன். அந்தப் பேர் அந்தக் கடைக்குத் தகும். நான் பேசுவது, வீட்டுக்கு ஐந்து தெரு தள்ளி இருக்கிற, தினமும் போகக்கூடிய, பேர்ப்பலகை வெளிறிப்போன கடைகளைப் பற்றி.

ஒரு கடையில் நடந்ததைச் சொல்கிறேன். கடை எது, எந்தத் தெரு என்பது வேண்டாம். சனிக்கிழமை இரவு. சுவரோரம் ஃபேனுக்குக் கீழே நாலு பேர் உட்காரும் மேஜை காலியாக இருந்தது, உட்கார்ந்தேன். சர்வர் வந்து, "மேடம், ஃபேமிலி வராங்க, அங்க மாறிக்கிறீங்களா" என்றார். நியாயம்தான், நான் ஒரு ஆள், நாலு பேர் இடம். எழுந்து கொண்டேன். அடுத்த மேஜையில் மூன்று ஆண்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், நாலாவது நாற்காலி காலி. அதில் உட்காரப் போனால், "அங்க வேணாம் மேடம், மேல ஃபேமிலி ரூம் இருக்கு" என்றார். படியேறிப் போனேன். விளக்கு எரியவில்லை. நானே சுவிட்சைத் தேடிப் போட்டேன். ஒரு மேஜை மேல் வெங்காய மூட்டை, இன்னொன்றில் மடித்து வைத்த தார்ப்பாய். பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன், யாரும் மேலே வரவில்லை. முழங்கால் வலியோடு இறங்கி வந்தேன். கடைசியில் கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் ஒட்டிப் போட்டிருந்த சின்ன மேஜையைக் காட்டினார்கள்.

இரண்டு இட்லி வந்தது. ஒரு வாய் எடுத்து வைப்பதற்குள், சாப்பிட்டு முடித்த ஒருவர் வந்து தொட்டியில் கொப்பளித்தார். தெறித்த தண்ணீர் என் தட்டு விளிம்பில் மூன்று சொட்டாக வந்து நின்றது. நான் இடது கையால் தட்டை மூடிக்கொண்டேன். சர்வர் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு, பக்கத்து மேஜைக்குச் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு போனார்.

சொட்டு விழாத பக்கத்திலிருந்து ஒரு இட்லியை மட்டும் சாப்பிட்டேன். நல்ல இட்லி. துணி போட்டு அவித்தது, அடிப்பக்கம் நெசவு வரிவரியாகப் பதிந்திருந்தது, விரலால் அழுத்தினால் அமுங்கி எழுந்தது, சோடா வாசம் துளியும் இல்லை. காசைக் கொடுத்துவிட்டு வந்து டைரியில் எழுதினேன்: "இட்லி நன்று. இனி வேண்டாம்."

இரண்டு மாதம் கழித்து மகன் எனக்கு ஒரு வீடியோ அனுப்பினான். "அம்மா, உங்க ஏரியா கடை, ஃபேமஸ் ஆயிடுச்சு பாருங்க" என்று. அதே கடை. ஒரு இளைஞர் ஃபேனுக்குக் கீழே அதே நாலு பேர் மேஜையில் தனியாக உட்கார்ந்திருக்கிறார். முதலாளியே பக்கத்தில் நின்று பரிமாறுகிறார். அந்த இளைஞர் சொன்ன எதிலும் பொய் கிடையாது. இட்லி பஞ்சு மாதிரி என்றார், பஞ்சு மாதிரிதான் இருக்கும். அவருக்கு அந்த மேஜை கிடைத்தது, எனக்குக் கிடைக்கவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம். உங்கள் பக்கத்தில் எழுதுகிறவர்களும், முன்கூட்டியே சொல்லிவிட்டு, புகைப்படக்காரரையும் கூட்டிக்கொண்டு போனால், அந்த மேஜையிலிருந்துதான் கடையைப் பார்ப்பார்கள்.

பரிமாறுகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. 34 வருடம் கவுண்டருக்கு உள்ளே உட்கார்ந்திருந்தவள் நான். மாத ஆரம்பத்தில் வரிசை வாசல் தாண்டி நிற்கும்போது, முகத்தை நிமிர்த்திப் பார்க்காமலே பாஸ்புக்கைத் தள்ளியிருக்கிறேன். எட்டு மேஜைக்கு இரண்டு பேர், சாயங்காலம் நாலு மணியிலிருந்து நின்றுகொண்டே இருக்கிறார்கள். அதனால் தாமதத்தை நான் குறையாக எழுதுவதே இல்லை. தண்ணீர் வர ஐந்து நிமிடம் ஆனால் ஆகட்டும். "கொஞ்சம் இருங்கம்மா, கல்லுல கிடக்கு" என்று போகிற போக்கில் ஒரு வார்த்தை சொன்னால் அரை மணி நேரம்கூட உட்காருவேன். தாமதம் வேறு, ஆளைப் பார்த்தும் பார்க்காத மாதிரிப் போவது வேறு. முதலாவது ஆள் பற்றாக்குறை. இரண்டாவதை முதலாளி நினைத்தால் ஒரே நாளில் மாற்றலாம், காசு செலவில்லை.

அப்புறம் இந்தப் பார்சல். வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டால் என்ன என்று என் தங்கையே கேட்கிறாள். கொதிக்கிற சாம்பாரை மெல்லிய பிளாஸ்டிக் கவரில் ஊற்றி, நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டுத் தருகிறார்கள். கவர் கை பொறுக்காத சூட்டில் தளர்ந்துபோய்த் தொங்கும். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் இந்த மாதிரி ஒருமுறை தூக்கிப்போடும் பிளாஸ்டிக்குக்குத் தடை. உணவு கட்டும் பிளாஸ்டிக் தாளும், பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டும் அதில் அடக்கம். ஆனாலும் நடக்கிறது. தூக்குவாளி கொண்டுபோனால் சில கடையில் முகம் சுளிக்கிறார்கள், அளவு தெரியாதாம். வீட்டுக்குப் போய்ப் பிரிக்கும்போது இட்லி ஆறிக் கட்டியாகியிருக்கும், இலையில் பாதி ஒட்டிக்கொண்டு வரும். நான் சூட்டுக்காகவும், நாலு மனித முகம் பார்ப்பதற்காகவும்தான் வெளியே போகிறேன். பார்சலில் இரண்டுமே கிடைக்காது.

ஒரு கடையைப் பற்றிச் சொல்ல மூன்று முறையாவது போக வேண்டும் என்பது என் வழக்கம். அதில் ஒரு முறை கடை மூடுகிற நேரமாக இருக்க வேண்டும். ஏழு மணிக்கு எந்தக் கடையிலும் சட்னி நன்றாகத்தான் இருக்கும். ஒன்பதரைக்குத்தான் கடை தெரியும். சாயங்காலம் அரைத்த தேங்காய்ச் சட்னி சித்திரை மாதத்தில் ஒன்பது மணிக்கே நாக்கில் லேசாக இழுக்கும். நல்ல கடைக்காரர் கொஞ்சம் கொஞ்சமாக இரண்டு தடவை அரைப்பார், இல்லாவிட்டால் "தேங்காச் சட்னி முடிஞ்சிருச்சு, காரச் சட்னிதான்" என்று சொல்லிவிடுவார். மற்றவர்கள் பழையதிலேயே பொட்டுக்கடலையை அரைத்துக் கலந்து சமாளிப்பார்கள். சாம்பாரும் அப்படித்தான். பருப்பு தீர்ந்த பிறகு வெந்நீரை ஊற்றிக் கடலை மாவைக் கரைத்து விட்டால் பார்வைக்குக் கெட்டியாக இருக்கும். ஆனால் தட்டில் இரண்டு நிமிடம் விட்டால் மேலே பசை மாதிரி ஆடை கட்டும், நாக்கில் மாவு தட்டும். சமைத்த எந்தப் பெண்ணுக்கும் இது தெரியும்.

எண்ணெயும் பார்ப்பேன். பொரித்த எண்ணெயை எது வரைக்கும் திரும்பக் காய்ச்சலாம் என்பதற்கு 2018 ஜூலை முதல் விதியே இருக்கிறது. துருவச் சேர்மங்கள் என்று ஒன்று, எண்ணெய் கெடக் கெட அது கூடுமாம். 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயை உபயோகிக்கக்கூடாது. அளக்கும் கருவி என்னிடம் இல்லை. ஆனால் வடை போட்டதும் சட்டி முழுக்க நுரை பொங்கி அடங்காமல் நின்றாலோ, தெருமுனையிலேயே கண் எரிந்தாலோ நான் வடை கேட்பதில்லை. வடையைச் செய்தித்தாளில் வைத்துத் தரும் பழக்கத்தையும் உங்களிடம் சொல்லியாக வேண்டும். அச்சு மையில் உடம்புக்கு ஆகாதவை இருக்கின்றன, உணவைச் செய்தித்தாளில் வைக்காதீர்கள் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016லும் சொன்னது, 2023லும் சொன்னது. போன வாரம் என் உளுந்த வடை வந்தது உங்கள் பேப்பரின் ராசிபலன் பக்கத்தில்தான். ஒரு பேப்பரே இதைப் பற்றி மாதம் ஒரு முறை பெட்டிச் செய்தி போட்டால், அந்தத் தாளைக் கிழிக்கிறவர் கண்ணிலேயே படும்.

இவ்வளவு குறை சொன்னவள் நல்ல கடையையும் சொல்ல வேண்டும். எங்கள் உறையூரிலேயே இருக்கிறது. வெக்காளியம்மன் கோயிலிலிருந்து நடந்து போகிற தூரம்தான். கணவனும் மனைவியும் சாயங்காலம் மட்டும் நடத்துகிறார்கள். நாலு மேஜை. ஒடிசாப் பையன் ஒருவன் பரிமாறுகிறான், வந்து ஒரு வருடத்துக்குள் தமிழ் பேசப் பழகிவிட்டான். கல்லாவுக்குப் பின்னால் வெக்காளியம்மன் படம், அதற்குப் பக்கத்திலேயே உணவுப் பாதுகாப்புப் பதிவுச் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். 14 இலக்க எண் வாசலிலிருந்தே தெரியும். இப்படி எல்லோரும் பார்க்கிற இடத்தில் வைக்க வேண்டும் என்பது விதி. பெரிய கடைகளிலேயே அதை நான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

முதல் நாள் நான் படியேறியதும் அந்த அம்மா சொன்னது, "வாங்கம்மா, காத்து வர்ற பக்கமா உக்காருங்க." அவ்வளவுதான். பார்சலா என்ற பேச்சே இல்லை. அவர் கணவர் தோசைக்கல் முன்னால் நிற்பார். பாதி வெங்காயத்தைக் கரண்டிக் காம்பில் குத்தி எண்ணெயில் தொட்டுக் கல்லைத் தேய்ப்பார், தண்ணீர் தெளிப்பார், துடைப்பத்தால் ஒரு இழுப்பு, பிறகுதான் மாவு. ஒவ்வொரு தோசைக்கும் இப்படியே. கூட்டம் இருக்கும் நாளிலும் அந்த வரிசை மாறி நான் பார்த்ததில்லை.

இட்லி, தோசையைவிட எனக்கு மறக்காதது மார்கழியில் ஒரு நாள். மழை, ஒன்பதரை தாண்டிவிட்டது. நான் உட்கார்ந்ததும் அந்தப் பையன் தட்டோடு வந்தான். வைக்கவில்லை. "அம்மா, சாம்பார் தீந்துபோச்சு. சட்னி மட்டும் இருக்கு. பரவால்லயா? இல்லன்னா வேற கடைக்குப் போங்க, அந்தக் கடை திறந்திருக்கு" என்று எதிர்க் கடையைக் கையால் காட்டினான். தட்டை வைத்துவிட்டுச் சொல்லியிருக்கலாம், நான் சாப்பிட்டிருப்பேன். வைக்கும் முன்பே சொன்னான். அந்த அம்மா உள்ளேயிருந்து, "இட்லிப்பொடி இருக்கும்மா, நல்லெண்ண ஊத்தித் தர்றேன்" என்றார். மூன்று இட்லி சாப்பிட்டேன், வழக்கத்தைவிட ஒன்று கூட. பொடிக்கும் எண்ணெய்க்கும் காசு வாங்கவில்லை.

பெண்கள் தயங்காமல் தனியாகச் சாப்பிடும் இன்னொரு இடத்தையும் பார்த்திருக்கிறேன். அம்மா உணவகம். 2013இல் சென்னையில் ஆரம்பித்தபோது ஒரு ரூபாய்க்கு இட்லி, ஐந்து ரூபாய்க்குச் சாம்பார் சாதம் என்று எல்லோரும் விலையைத்தான் பேசினோம். நான் போனபோது கவனித்தது வேறு. சமைப்பதும் பெண்கள், பரிமாறுவதும் பெண்கள். தூய்மைப் பணியாளர் அக்கா ஒருவர் துடைப்பத்தை வாசலில் சாத்திவிட்டு உள்ளே வந்தார், தட்டை வாங்கினார், நின்றபடி நிம்மதியாகச் சாப்பிட்டார், போனார். யாரும் அவரை ஒரு கேள்வி கேட்கவில்லை. அந்த அக்கா தட்டோடு எங்கள் தெரு ஓட்டல் எதிலாவது இப்படி நிற்க முடியுமா என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

தில்லை நகர்ப் பக்கம் இப்போது எவ்வளவோ பெண்கள் விடுதிகள் வந்துவிட்டன. கல்லூரி, வங்கித் தேர்வுப் பயிற்சி, ஆஸ்பத்திரி வேலை என்று தங்கியிருக்கிற பிள்ளைகள் இரவில் கடை வாசலில் ஓரமாகப் பார்சலுக்கு நிற்பதைத் தினமும் பார்க்கிறேன். ஒரு நாள் பக்கத்தில் நின்ற பெண்ணிடம், "ஏம்மா, உள்ள உக்காந்து சூடா சாப்பிடக் கூடாதா?" என்று கேட்டேன். "எல்லாரும் பாக்குறாங்க ஆன்ட்டி" என்றாள். அவளைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனேன். இரண்டு பேரும் ஒரே மேஜையில் உட்கார்ந்தோம். அவளுக்கு வெங்காய ஊத்தப்பம். இரண்டு பேராகப் போனதும் தண்ணீர் உடனே வந்துவிட்டது.

நான் கேட்பது இதுதான். உங்கள் பக்கத்துக்கு எழுத ஒரு பெண்ணைத் தனியாக அனுப்புங்கள். யாரிடமும் சொல்லாமல், புகைப்படக்காரர் இல்லாமல், சொந்தக் காசு கொடுத்து, இரண்டு இட்லி மட்டும் கேட்கட்டும். மூன்று நாள் போகட்டும், ஒரு நாள் கடைசி நேரத்தில். எந்த மேஜை கொடுத்தார்கள் என்று எழுதட்டும். கை கழுவுமிடத்தில் சோப்பு இருந்ததா, கழிப்பறை இருந்ததா, இருந்தால் தாழ்ப்பாள் இருந்ததா என்றும் எழுதட்டும். பில்லையும் பார்க்கச் சொல்லுங்கள். ஜி.எஸ்.டி. எண்ணே இல்லாத துண்டுச் சீட்டில் வரி என்று நாலு ரூபாய் கையால் எழுதிச் சேர்த்த கடையும் என் டைரியில் உண்டு. ஒரே ஒரு நாள் சரியில்லை என்பதற்காக எந்தச் சின்னக் கடையின் பெயரையும் கெடுத்து எழுதிவிட வேண்டாம். மாஸ்டர் லீவு போட்டிருப்பார், கரண்ட் போயிருக்கும், சிலிண்டர் பாதியில் தீர்ந்திருக்கும். மூன்று நாளும் அப்படியே என்றால் எழுதுங்கள்.

உறையூர்க் கடைக்கு வருவதாக இருந்தால், பேர்ப்பலகை எதுவும் கிடையாது. வாசலில் ஒரு முருங்கை மரம், பச்சைத் தகரக் கூரை. ஆறு மணிக்குத் திறப்பார்கள். செவ்வாய்க்கிழமை லீவு. வந்து எழுதுவதற்கு முன் அந்த அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பேப்பரில் வந்து கூட்டம் சேர்ந்தால் நாலு மேஜையில் சமாளிக்க முடியுமா என்று அவர்தான் சொல்ல வேண்டும். நான் கேட்டதற்கு, "இந்த ஆடி போகட்டும்மா, இன்னொரு கிரைண்டர் வாங்கிட்டுச் சொல்றேன்" என்றார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபால் ஊழியர்,
உறையூர், திருச்சி.